பிரிட்ஜ் பின்னாடி டார்ச் அடிச்ச அக்காவுக்கு

டெங்கு வந்து ஆஸ்பத்திரியில இருந்த பாப்பா நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டா. ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு மூணாவது வேணாம்னு சண்ட போட்டா, அந்த சண்டையப் பாத்து அவ அம்மா அழுதுட்டா. என்ன நடந்துச்சுன்னு தெருவுக்கே தெரியும், திரும்ப சொல்ல எனக்கு தெம்பில்ல.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ எடுத்த எதிர்வீட்டு தம்பி, கஞ்சி வச்சு குடுத்துவிட்ட அத்தை, "பிளேட்லெட்டயே கேட்டுட்டு இருக்காதீங்க, தண்ணி குடிக்கிறாளான்னு பாருங்க"ன்னு அதட்டுன நர்ஸ், காய்ச்சல் முகாம்ல பாத்த டாக்டரம்மா, எல்லாருக்கும் ஒரு பெரிய கும்பிடு. யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சிருங்க, சரியா தூங்கி ஆறு நாளாச்சு.

ஆனா இது முக்கியமா கொசு ஒழிப்புக்கு வர்ற அக்காவுக்கு. டார்ச்சு, கொசுப்புழுவக் கொல்ற அபேட் மருந்து பாட்டில், ஒரு நோட்டோட வாராவாரம் வருவாங்க. அவ அம்மா இருந்தா உள்ள விடுவா. நான் இருந்தா மாடியிலருந்தே "நேத்துதான் பாத்துட்டு போனாங்க"ன்னு பச்சையா புளுகி அனுப்பிருவேன்.

டெங்குன்னு ரிசல்ட் வந்த மறுநாள் காலைல அதே அக்கா கேட்டுல நிக்கிறாங்க. (லேபுலருந்து சுகாதாரத்துறைக்கு சொல்லியே ஆகணுமாம், அத வச்சுதான் சுத்தியிருக்க வீடெல்லாம் பாக்குறாங்க, எனக்கு அதுவே அன்னைக்குத்தான் தெரியும்.) நல்லா வாங்கப்போறோம்னு தலைய குனிஞ்சு நின்னேன். ஒண்ணும் சொல்லல. நேரா பிரிட்ஜுக்குப் பின்னாடி போய் குனிஞ்சாங்க. அங்க தண்ணி தேங்குற ஒரு தட்டு இருக்குன்னு நாலு வருசமா எனக்குத் தெரியாது. கரண்டியில மோந்து வெள்ளை டம்ளர்ல ஊத்தி டார்ச் அடிச்சாங்க, தலைகீழா தொங்கிட்டு இருந்த புழுவெல்லாம் வெளிச்சம் பட்டதும் நெளிஞ்சு நெளிஞ்சு அடியில ஓடுது. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

அதோட அவங்க வேலை முடிஞ்சுது. ஆனா தேங்கா நாரு கேட்டாங்க. நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வர்ற தெருவுல டிரம்முல பிடிச்சு வைக்காம என்ன செய்யிறது, ரெண்டு டிரம் இருக்கு. "கொட்டுனா புழுதான் சார் போகும், முட்டை ஓரத்துல ஒட்டியிருக்கும், மாசக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் சாகாது, தண்ணி பட்டா பொரிச்சிரும், நீங்க ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க"ன்னுட்டு, சேலைய சொருகிக்கிட்டு ரெண்டையும் உள்ள வரைக்கும் அவங்களே தேச்சாங்க. தினக்கூலிக்கு வர்றவங்க, இன்னும் எத்தன வீடு பாக்கியோ.

அப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு போன். "பாப்பா ஒண்ணுக்கு போனாளா சார்?" அவ்வளவுதான் கேப்பாங்க. காய்ச்சல் விட்ட அன்னைக்கு நான் குதிச்சப்ப அவங்கதான், "இனிமேதான் சார் உஷாரா இருக்கணும், வயித்துவலி வாந்தின்னா உடனே டாக்டர்ட்ட ஓடுங்க"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே வயித்துவலி வந்துச்சு.

இப்ப தெருவுல எல்லாரும் புகை அடிக்கலன்னு கத்துறாங்க. நானும் கத்துனவன்தான். பறக்குற கொசு மட்டும்தாங்க புகையில சாகும், டிரம்முல இருக்கறதுக்கு நாருதான். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு டிரம்மும் அந்தத் தட்டும் இனி என் பொறுப்பு, பாப்பா மேல சத்தியம்.

அக்கா, கதவுக்குப் பின்னாடி நீங்க ஒட்டிட்டுப் போன அட்டைய இன்னைக்குத்தான் உக்காந்து பாத்தேன். உங்க கையெழுத்து இல்லாத கட்டமெல்லாம் நான் புளுகுன வாரம். 11 இருக்கு.