‘ஆம்’ என்று குரல் கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி

கடனை வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்கும் மசோதாவுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் ‘ஆம்’ சொன்ன உறுப்பினர்களுக்கும், அந்தச் சட்டத்தை எங்கள் தெரு வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும், திருமங்கலம் வட்டாரத்தில் பூப்பறிக்கும் பெண்கள் எழுதிக்கொள்வது.

வணக்கம்.

மதுரை மாவட்டத்துக்குப் பத்துத் தொகுதிகள். மேலூர் தொடங்கி உசிலம்பட்டி வரை பத்து உறுப்பினர்களுக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதவே விரும்பினோம். ஆனால் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும் மசோதாவுக்கு யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார், யார் அன்று அவைக்கு வரவில்லை என்பது பெயர்வாரியாகப் பதிவாவதில்லையாம். அதனால் கட்சி பார்க்காமல், ஆம் என்ற அத்தனை பேருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறோம். உங்களில் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு சொல் எங்களுக்கு என்ன செய்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்கழியில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். பூக்காரர் வீட்டில் பணமழை என்று வெளியில் நினைப்பார்கள். ஆனால் பனியில் செடி அரும்பு வைக்காது. எடைக்குக் கூலி வாங்குகிற எங்களுக்கு அந்த மாதம்தான் பஞ்சம். நாங்கள் குழுவாக வாங்கிய கடனின் வாரத்தவணையோ பனி வெயில் பார்ப்பதில்லை. சென்ற மார்கழியில் எங்கள் குழுவில் ஒரு மதினிக்குத் தவணை தவறியது. குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அந்த வாரம் யார் கையிலும் காசில்லை. கடன் கொடுத்த நிறுவனத்து ஆள் இரவு ஒன்பது மணிக்கு வந்து மதினி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். “பணத்தை வை, இல்லன்னா எந்திரிக்க மாட்டேன்” என்று தெருவே கேட்கும்படி பேச்சு. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. கடைசியில் ரேஷன் கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் எழுந்தார். பொங்கல் பச்சரிசி வாங்க வேண்டிய கார்டு அது.

எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு நன்றி. மறுநாள் காலையிலேயே அந்தச் சட்டத்தைத் தேடி எடுத்து அச்சிட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இலவச சட்ட உதவி முகாமில் பழக்கமான வழக்கறிஞர் தம்பி அதை வரி வரியாக வாசித்துச் சொன்னார். கடன் வாங்கியவரை மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, வீட்டுக்கும் வேலை பார்க்கும் இடத்துக்கும் விடாமல் வந்து தொல்லை கொடுக்கக் கூடாது, அரசு உதவி பெறுவதற்கான ஆவணங்களைப் பறிக்கக் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். குழுக்கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருப்பதும் தம்பி சொல்லித்தான் தெரியும். இத்தனை காலம் இது தெரியாமல், ராத்திரி பைக் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

காவல் நிலையத்து எஸ்.ஐ. அம்மாவை மறக்கவே மாட்டோம். எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, மனுவை வாங்கி, கேட்காமலே மனு ரசீது கொடுத்தார். அங்கிருந்தபடியே அந்த நிறுவனத்து மேலாளருக்குப் போன் போட்டு, சட்டத்தின் பெயரைச் சொல்லி, கார்டு எங்கே என்று கேட்டார். மறுநாள் மதியம் கார்டு வீடு வந்து சேர்ந்தது. மதினியும் வாங்கின கடனை ஏமாற்றுகிறவள் இல்லை. மாசியில் பூ வரத்துக் கூடியதும் நிலுவை முழுவதையும் கட்டி ரசீது வாங்கிவிட்டாள்.

2003-இல் இதே அவை கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மீட்டர் வட்டி, தண்டல் என்று சந்தையில் புழங்கும் பெயர்களையே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அதைச் செய்தவர்களையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

உறுப்பினர்களிடம் உரிமையோடு இரண்டு கோரிக்கை வைக்கிறோம். எளிய மக்களின் பணம் சம்பந்தப்பட்ட மசோதா வரும்போது, யார் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயரோடு பதிவு செய்யக் கேளுங்கள். ஓட்டுப் போட்ட எங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இரண்டாவது, இந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒட்டச் செய்யுங்கள். எல்லா ஊரிலும் எங்கள் ஜெராக்ஸ் கடை அண்ணன் இருக்க மாட்டார்.

நன்றியுடன்,
குழுப் பெண்கள் சார்பில் குழுத் தலைவி,
திருமங்கலம் வட்டாரம், மதுரை மாவட்டம்.