நூலுக்கு ஐந்து படி கேட்கும் பரிசுப் போட்டி அமைப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்தோம். நூலின் ஐந்து படிகளைக் கூரியரில் அனுப்ப வேண்டும், படிகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா என்று அதில் இருக்கிறது. சென்ற ஆண்டு மூன்று கேட்டீர்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒருவர் எந்த நிலையில் புத்தகம் போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலரும் எழுதுகிறவர்கள். அதனால் கோரிக்கையை முதலிலேயே வைக்கிறோம்: நடுவர்களுக்கு வேண்டிய படிகளை நீங்களே விலை கொடுத்து வாங்குங்கள்.

சொந்தப் பணத்தில் 300 படி அச்சிடுகிறவரை எடுத்துக்கொள்வோம். தாள், அச்சு, அட்டை, பைண்டிங் எல்லாம் சேர்ந்து ஒரு படிக்கு அடக்கம் 100 ரூபாய் என்றால் போட்ட முதல் 30,000 ரூபாய். விலை 200 ரூபாய். கடைக்கு 40 சதவீதக் கழிவு போக மிஞ்சுவது 120. 250 படி விற்றால்தான் போட்ட பணம் கைக்கு வரும். ஆக, மற்றதெல்லாம் ஒன்றுவிடாமல் விற்றாலும், கைநஷ்டம் இல்லாமல் இலவசமாகக் கொடுக்கக்கூடியது 50 படிதான். அந்த ஐம்பதில் அட்டை வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், முன்னுரை தந்தவர், விழாவில் பேசுகிறவர்கள், மதிப்புரைக்குக் கேட்கும் இதழ்கள் எல்லாரும் அடக்கம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் படி போக வேண்டும். சட்டம் போட்டு நாடே கேட்பது நான்கு. ஒரு போட்டிக்கு ஐந்து எதற்கு?

பதிப்பகம் வழியாக வருகிறவர் நிலை இன்னும் மோசம். 10 சதவீத உரிமத்தொகை (ராயல்டி) என்றால் படிக்கு 20 ரூபாய். தன் நூலையே 35 சதவீதக் கழிவில் 130 ரூபாய்க்கு வாங்கி ஐந்து படி அனுப்பினால் 650. அதை ஈடுகட்ட 33 படி விற்க வேண்டும். கூரியர் செலவு தனி.

‘பரிசு கிடைக்காவிட்டாலும் நூலுக்கு விளம்பரம்தானே’ என்று பதில் வருகிறது. இலவசப் படியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத்தாளர் பெயரே கேள்விப்படாத ஊரில், படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்லும் ஓர் ஆசிரியருக்குப் போகும் படி நிச்சயம் வேலை செய்யும். முதல் 16 பக்கத்தை மட்டும் ஒரே ஃபாரமாக, அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்துக் கொடுத்தால் அதைவிடக் குறைந்த செலவில் அதே வேலை நடக்கும். நம் ஊர்களில் நடப்பதோ வேறு. நடுவர்கள், வாசகர் வட்டத்தார், விழாவுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏறக்குறைய அதே அறுபது எழுபது பேர். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களும் அவர்களே. அவர்கள் கையில் சும்மா கொடுத்துவிட்டால் அப்புறம் விற்க யார் இருக்கிறார்கள்?

போட்டி முடிந்தபின் அந்தப் படிகள் என்னாகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைக் கிளறிப் பாருங்கள். முதல் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் ‘போட்டிக்கு’ என்று எழுதி, வரிசை எண் ஒட்டியது ஒட்டியபடி இருக்கும். முதுகில் ஒரு மடிப்பு விழுந்திருக்காது. வெட்டும்போது ஓரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்கள் பிரிபடாமலே இருக்கும். நடுவர் அதைத் திறக்கவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடலூரில் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். அந்தப் பணத்தில் அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை ஆண்டு தவறாமல் வந்தால் சிறு பதிப்பாளர் யாரிடமும் கையேந்த வேண்டாம். ஆனால் அது அரசிடம் கேட்க வேண்டியது. உங்களிடம் கேட்பது மிகச் சிறியது.

முதல் சுற்றுக்கு ஒரு படியோ பிடிஎஃப் கோப்போ போதும். கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும் என்ற அச்சம் இருக்கிறது. பக்கம்தோறும் நடுவர் பெயரைப் பதித்து அனுப்பினால் யாரும் துணிய மாட்டார்கள். அதில் தேறும் பத்து நூல்களுக்கு மட்டும் நான்கு நான்கு படி வாங்குங்கள். 200 ரூபாய் விலையில் 40 படிக்கு 8,000 ரூபாய். சால்வைக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஒதுக்குவதில் கொஞ்சம் குறைத்தால் இதற்கு வழி பிறக்கும். முடிவு அறிவித்ததும் எல்லாப் படிகளையும் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கோ கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்கோ கொடுத்து, கொடுத்த பட்டியலை வெளியிடுங்கள்.

கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. படிகளை விலைக்கே வாங்குவோம் என்று அதற்குள் திருத்திய அறிவிப்பை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே ஐந்து அனுப்பியவர்களுக்கு நான்கைத் திருப்பி அனுப்புங்கள். கூரியர் செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டார எழுத்தாளர்களும் சிறு பதிப்பாளர்களும்