பாட்டியின் செபப்புத்தகத்தில் இருந்த படம்

பாறசாலை,
ஆகஸ்ட் 18

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத மனசு வரவில்லை மக்கா. கோயில் பாடகர் குழுவை விட்டுவிட்டேன். 28 வருஷம் நடத்தியது. யாரும் போகச் சொல்லவில்லை, குரல் உடைந்துவிட்டது. தமிழ்ப் பூசைக்கும் மலையாளப் பூசைக்கும் சரளமாக வாசிக்கிற ஒரு பெண் கையில் ஆர்மோனியத்தைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். துருத்தியில் நான் ஒட்டிய நீலத் துணி விரிவதும் சுருங்குவதும்தான் கண்ணில் பட்டது. பூசையில் மனசே ஒட்டவில்லை.

நேற்று, பழைய கொல்லம் ஆயர் பென்சிகர் ஆண்டகை இறந்த நாள். 1942-இல் அவர் கண்மூடிய கார்மல் ஹில் மடத்துக்கு, திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். போகும் முன் பாட்டியின் செபப்புத்தகத்தை எடுத்தேன். உள்ளே ஓரம் முழுக்கச் சல்லடைபோல் துளையிட்ட ஒரு இருதய ஆண்டவர் படம் இருக்கும், சின்ன வயதில் நீயும் பார்த்திருப்பாய். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அடியில் கடுகு அளவு எழுத்தில் 'பென்சிகர், ஐன்சீடெல்ன்' என்று இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் படங்களை அச்சடித்து உலகமெல்லாம் அனுப்பிய சுவிட்சர்லாந்து அச்சகக் குடும்பத்துப் பிள்ளைதான் நம்ம ஆண்டகை. 1864-இல் அதே ஐன்சீடெல்னில் பிறந்தவர். அவ்வளவு சொத்தையும் விட்டுக் கார்மல் சபையில் சேர்ந்து, 1890-இல் கேரளத்துக்கு வந்தார். 1905 முதல் கொல்லம் ஆயர். அப்போது கொல்லம் மறைமாவட்டம் கன்னியாகுமரி வரைக்கும் நீண்டிருந்தது; உன் ஊரும் என் ஊரும் ஒரே ஆயரின் கீழ்.

பாட்டி அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதைதான். நோயாளியின் புண்ணைத் தொட்டால் தீட்டு என்று நம்ம பெண்கள் நர்ஸ் வேலைக்கு வரத் தயங்கிய காலம். அவர் சொந்த நாட்டின் மென்சிங்கனிலிருந்து திருச்சிலுவைக் கன்னியரை 1906-இல் திருவனந்தபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். 'வெள்ளைக்கார அம்மா என் தலையைத் தன் மடியில வச்சு மருந்து ஊத்துனா' என்று பாட்டி சாகும்வரை சொல்வாள். சாதி கேட்காமல் தொட்டதைத்தான் அவள் மறக்கவில்லை. இன்று எந்த நாட்டு ஆஸ்பத்திரியிலும் ஒரு மலையாள நர்ஸ் இருக்கிறாள் என்றால், அந்த வழியைத் திறந்தவர்களில் இந்தக் கன்னியரும் உண்டு என்பேன்.

மடத்துக் கோயிலில் உட்கார்ந்து நான் நினைத்தது வேறு. 1930 மே மாதம் கொல்லத்திலிருந்து பிரிந்து கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆனது. முதல் ஆயர் லாரன்ஸ் பெரேரா, நம்ம நாட்டுக்காரர். பென்சிகர் ஆண்டகை 25 வருஷம் நடந்து நடந்து வளர்த்த மண்ணில் தமிழ்ப் பகுதி அப்படியே கைமாறியது. அதே வருஷம் செப்டம்பர் 20-இல் ஆண்டகை, ஆர்த்தடாக்ஸ் சபை ஆயராக இருந்த மார் இவானியோசையும் உடன் வந்த நால்வரையும் கொல்லத்தில் கத்தோலிக்க சபையில் ஏற்றுக்கொண்டார். கேரளத் திருச்சபைக்கே பெரிய நாள் அது. பேரும் புகழும் கூடி வந்த அந்த நேரத்தில், 1931-இல், பதவியைத் துறந்தார். ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. இந்த மடத்தில் ஒரு துறவியாக 11 வருஷம் இருந்துவிட்டார். 2018-இல் இறை ஊழியர் என்று அறிவித்தார்கள், புனிதர் பட்டத்துக்கான முதல் படி அது. எனக்கோ அந்த 11 வருஷம்தான் பெரிதாகப் படுகிறது. தான் நட்ட தோட்டத்தில் வேறொருவர் தண்ணீர் ஊற்றுவதைப் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறார் மனுசன்! நான் ஒரு ஆர்மோனியத்துக்கு மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் என் பாட்டு நோட்டு இரண்டையும் கொடுத்துவிட்டேன். பழைய தமிழ்ப் பாட்டுகளின் ராகம் அதில்தான் இருக்கிறது. அதை மட்டும் ஏனோ ஒளித்து வைத்திருந்தேன்.

உன் அம்மாவின் செபப்புத்தகம் இன்னும் இருக்கிறதா? படங்களின் அடிப்பக்கத்தைப் பார்த்து எழுது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு நானும் வருகிறேன், கொடியேற்றத்துக்கே வந்துவிடு.

உன்,
தாசன்