பச்சைத் தொப்பி பாய்க்கு

போன பிப்ரவரி, காஷ்மீரில் பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க். கோண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து அஃபர்வட் முகட்டுக்கு நம் காலைத்தான் நம்ப வேண்டும். ஸ்ப்ளிட்போர்டை, அதாவது நடுவில் பிரிக்கக்கூடிய பனிச்சறுக்குப் பலகையை, இரண்டாகப் பிரித்து, பின்னால் வழுக்காமலிருக்க அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறுவோம். ஒட்டுப் பக்கத்தில் பனி படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் பட விட்டேன். பாதி ஏற்றத்தில் இடது பட்டை வாழைத்தோல் மாதிரி உரிந்து தொங்கியது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். காற்று வேறு.

வேறொரு குழுவோடு ஏறிக்கொண்டிருந்த நீங்கள் நின்றீர்கள். நான் கூப்பிடவே இல்லை. பட்டையை வாங்கி, ஒட்டுப் பக்கத்திலிருந்த பனியை நகத்தால் சுரண்டி, ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டீர்கள். அது சூடாகும்வரை எனக்கு ஃபிளாஸ்க் மூடியில் நூன் சாய். (உப்பு டீ அவ்வளவு ருசிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.) அப்புறம் பட்டையை ஒட்டி, ஆரஞ்சு நிற ரப்பர் வாரால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினீர்கள். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், சிரித்தீர்கள்.

இறங்கும்போது, அடிவாரக் கிராமமான திராங்குக்கு முன்னால் காட்டுக்குள் வரும் சமதளத்தில் போர்டு நகராமல் நின்றபோதும் நீங்கள்தான். கைத்தடியை நீட்டி, பிடித்துக்கொள் என்று இழுத்தே கொண்டுபோனீர்கள். பெயர் கேட்பதற்குள் உங்கள் ஆட்களோடு வண்டியேறிவிட்டீர்கள்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. இந்தக் குளிர்காலம் குல்மார்க் போகிறவர்கள் யாராவது பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட, முன்பல் ஒன்று உடைந்த கைடைப் பார்த்தால் என் நன்றியைச் சொல்லுங்கள். அந்த ரப்பர் வார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பாய்.