எந்தக் கறி என்று எழுத வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில், பத்தே நிமிடத்தில் ஆகும் கறி, காய்கறி ஸ்டிர் ஃப்ரை என்ற குறிப்புக்கு மேலே ஒரு வரி அச்சாகியிருந்தது. நம் ஊர்ப் பெண்களுக்குக் கறியைக் குழைய வேகவைக்கத்தான் தெரியுமாம். பெருந்தீயில் சட்டென்று வதக்கி இறக்கும் பக்குவம் புதிதாம். எழுதியவர் ஈரோட்டுப் பக்கம் எந்த வீட்டு அடுப்படியிலும் நின்றதில்லை என்று நினைக்கிறேன். சின்ன வெங்காயமும் கருவேப்பிலையும் வதங்கியதும் ஆட்டு ஈரலைப் போட்டு, மிளகுத்தூள் தூவி, உள்ளே வெந்த கையோடு இறக்குகிறோமே, அது என்ன சமையல்? கொஞ்சம் விட்டால் ஈரல் கெட்டிப்பட்டுவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொத்துக்கறியில் பொடியாக அரிந்த கோஸைப் போட்டு, சோறு வடிவதற்குள் என் மாமியார் விறகடுப்பில் இறக்கிவிடுவார்.

அந்த வரியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். குறிப்பை நம்பிச் செய்த என் மருமகள் பட்ட சங்கடத்தைப் பொறுக்க முடியவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு வருகிற பெண். சீக்கிரம் முடிகிற சமையலின் அருமை அவளுக்குத்தான் தெரியும். அவளுடைய அப்பா அம்மா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எழுதியபடியே ஒரு கிலோ கறியை ஒரே சட்டியில் போட்டு, கூடவே காயையும் போட்டாள். எந்தக் கறி என்று குறிப்பில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வெள்ளாட்டுக்கறிதான் எடுப்போம். கறி நீர் விட்டுக் கொதித்தது, காய் குழைந்தது, கறியை மெல்ல முடியவில்லை. சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். "உன்ற கையில குத்தமில்ல கண்ணு, எழுதுனவங்க குத்தம்" என்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை.

தொடைக்கறியின் சவ்வும் நாரும் இளக ஈரச்சூட்டில் நெடுநேரம் வேக வேண்டும். குக்கரில் வேகவைத்து, நீர் வற்றிய பிறகு வதக்கலாம். பத்து நிமிடத்தில் ஆக வேண்டுமென்றால் பிராய்லரின் எலும்பில்லாத நெஞ்சுக்கறிதான் சரி. அதையும் நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, கொஞ்சம் கார்ன் ஃப்ளார் புரட்டி வைக்க வேண்டும். ஓட்டல் அடுப்பின் தீ வீட்டு கேஸ் அடுப்பில் வராது. கால் கிலோவாகப் பிரித்துப் போட்டால்தான் சட்டியின் சூடு இறங்காது. வதக்கிய கறியை எடுத்து வைத்துவிட்டு கேரட், பீன்ஸ் முதலில், கோஸும் குடைமிளகாயும் அப்புறம், கடைசியாகக் கறி. கழுவிய காயை ஈரம் போகத் துடைக்கவும் வேண்டும். இதில் ஒன்றுகூட உங்கள் குறிப்பில் இல்லை. அரைப்பக்கத்துக்குப் படம் மட்டும் இருந்தது.

நான்ஸ்டிக் சட்டியைப் பெருந்தீயில் வெறுமனே காயவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் இரும்பு வடச்சட்டிக்கு என்ன குறை? கடலை எண்ணெய் ஆகாது, ஆலிவ் எண்ணெய்தான் வேண்டுமாம். இந்தச் சமையலுக்குப் பேர்போன தென்சீனத்துக் கான்டன் பகுதியிலேயே கடலை எண்ணெயில்தான் வெகுகாலமாக வதக்குகிறார்கள். சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, அதற்கு மேல் 'தேவையான அளவு உப்பு'. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை உங்கள் மருத்துவப் பக்கத்தில்தான் படித்தேன். என் வீட்டுக்காரர் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு பக்கத்தில் எழுதுவதை இன்னொரு பக்கத்துக்காரர் பார்ப்பதில்லையா?

தீபாவளி மலரிலும் இப்படித்தான். பள்ளிபாளையம் சிக்கன் என்று பேர் போட்டு, தக்காளியும் கரம் மசாலாவும் சேர்க்கச் சொன்னீர்கள். விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், கீறிய தேங்காய்ச்சில்லு, உப்பு. மசாலாத்தூள் எதற்கு? காவிரிக்கு அக்கரையில்தான் பள்ளிபாளையம். இக்கரையில் இருந்துகொண்டு அதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. அப்போதே எழுதினேன். தாங்கள் வெளியிடவில்லை. கொங்கு நாட்டுச் சமையல் என்றால் அரிசி பருப்புச் சோறும் ஒப்புட்டும் போதும் என்று இருந்துவிடுகிறீர்கள். எங்களுக்கும் கறி சமைக்கத் தெரியும் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் குறிப்பு வெள்ளாட்டுக்கறிக்கு ஆகாது, சோயா சாஸ் ஊற்றினால் தனியாக உப்புப் போட வேண்டாம் என்று அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். என் மருமகளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பெருந்துறை.