எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித மொழியைக் கணினி கையாளும் வழிகளைக் கற்பிக்கும் இயல்மொழிச் செயலாக்கப் பாடத்தில் பழைய அடிப்படைகளுக்கு இனி இடம் வேண்டாம், முதல் வாரத்திலேயே சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளை மாணவர் கையில் கொடுத்துவிடலாம் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் பல்கலைக்கழகத்தில் படித்த பாடம் அவர் விரும்பும் விதத்தில்தான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயத்தமான மாதிரி ஒன்றுக்கு வாக்கியங்களை அனுப்பினோம், பதில் வந்தது. பருவம் முழுவதும் இதுதான். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. வேலையில் சேர்ந்த பிறகு தமிழ்ச் சொல்தேடல் நிரல் ஒன்றைத் திருத்தச் சொன்னார்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் ஐந்து என்றது கணினி. நமக்கு அது மூன்றெழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அந்தக் குறியீடுகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். ஒரு வகுப்பில் தெரிந்திருக்க வேண்டிய இந்தச் செய்திக்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது.

பிறகு முதலிலிருந்து நானே படித்தேன். வேற்றுமை உருபை நீக்கி மூலச்சொல்லைக் கண்டுபிடிக்க, சொல்லின் கடைசியில் 'இல்' ஒலித்தால் வெட்டிவிடு என்று ஒரு விதி எழுதினேன். 'வீட்டில்' என்பது 'வீட்ட' என்று பாதியில் நின்றது. 'மயில்' வெறும் 'மய' ஆயிற்று! நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் டகர ஒற்று இரட்டிக்கும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது எதற்காக என்று அன்றுதான் விளங்கியது. அதைத் தெரிந்தவர்தான் 'வீட்ட' என்பதை 'வீடு' என்று மீட்க முடியும். மயிலைக் காப்பாற்ற அந்த விதியும் போதாது, அகராதி வேண்டும்.

ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் கவிதை நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் மெய் எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். அதையே சொற்களுக்குச் செய்து பாருங்கள், ஒரு சொல்லுக்குப் பின் எது வரும் என்று கணிக்கும் எளிய மொழி மாதிரி ஒன்று கிடைத்துவிடும். உடனே சிக்கலும் தொடங்கும். எண்ணுவதற்கு எடுத்த உரையில், அதாவது பயிற்சித் தரவில், அடுத்தடுத்து வராத ஒரே ஒரு சொல்லிணை போதும், இணைகளின் நிகழ்தகவுகளைப் பெருக்குவதால் முழு வாக்கியத்தின் நிகழ்தகவும் பூஜ்யமாகிவிடும். எல்லா இணைகளின் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டும் லாப்லாஸ் முறை பூஜ்யத்தைப் போக்கும். ஆனால் ஒரே வினை எண்ணற்ற வடிவங்கள் எடுக்கும் தமிழில் காணாத இணைகள் மலைபோல் குவிந்து, கண்ட இணைகளின் பங்கை விழுங்கிவிடுகின்றன. இதை ஒருமுறை தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு, இன்றைய மாதிரிகள் சொற்களை ஏன் துண்டுகளாக்குகின்றன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

புதியவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைய பெரிய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான, 2017-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பைப் படிக்காமல் இத்துறையில் யாரும் வேலை செய்ய முடியாது. நான் கேட்பது முதல் நான்கு வாரங்கள் மட்டுமே. ஆயத்த மாதிரி எதையும் தொடாமல் மாணவர்கள் எழுத்தைப் பிரிக்கட்டும், சொல்லை எண்ணட்டும், தங்கள் நிரல் செய்த நூறு பிழைகளையாவது ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். அதில் ஒரு வாரமாவது மொழியியல் துறை ஆசிரியர் வந்து வகுப்பெடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவி