ஒரு ராத்திரி படுத்தால்தான் நோயா?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

"ஒரு ராத்திரியாவது அட்மிட் ஆகியிருந்தால் பார்த்திருக்கலாம் சார்." எங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பேசிய பெண் போன வாரம் இப்படிச் சொன்னார். குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

என் மனைவிக்கு நான்கு ஆண்டுகளாக மனச்சோர்வு. மாத்திரைகளை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. டாக்டர் மூளையைக் காந்தத்தால் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சையை (TMS) பரிந்துரைத்தார். எட்டு வடிவக் கம்பிச்சுருளை இடப்பக்க நெற்றிக்கு மேலே வைத்து, மரங்கொத்தி கொத்துவதுபோல டக்டக்கென்று காந்தத் துடிப்புகளைச் செலுத்துவார்கள். மயக்கமருந்து கிடையாது. அரை மணியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். வாரம் ஐந்து நாள், மொத்தம் 30 அமர்வுகள். அமெரிக்காவில் 2008-லேயே அனுமதி பெற்ற சிகிச்சை இது. எல்லோருக்கும் பலிக்கும் என்று டாக்டரே சொல்லவில்லை. எங்களுக்குப் பலித்தது. பன்னிரண்டாவது அமர்வு முடிந்த அன்று சாப்பிடும்போது, "ரசத்தில் உப்பு குறைச்சல்" என்றாள். நான்கு ஆண்டுகளில் சமையலைப் பற்றி அவள் சொன்ன முதல் குறை அதுதான். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லை என்பதால் அந்தச் செலவு செல்லாதாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் பிரிவு 21(4)-ஐ உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடோ, மனநோய்க்கும் அதே அடிப்படையில். 2018-லும் 2022-லும் நிறுவனங்களுக்கு அதை நினைவூட்டியவர்களே நீங்கள்தான். எங்கள் பாலிசியில் கண்புரை அறுவைக்கும் டயாலிசிஸுக்கும் ராத்திரி தங்க வேண்டியதில்லை. காந்தத் தூண்டலையும் அதேபோலப் பகல்நேர சிகிச்சையாக ஏற்கச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

படுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், அவளுடைய தம்பி ஆம்புலன்ஸிலேயே எட்டு மணி நேரம் காத்திருந்து, வார்டுக்குள் போன மறுநாள் இறந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள். இன்றைக்கும் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டும் சத்தம் கேட்டால் அவளுக்கு உடம்பு நடுங்கும். வார்டில் தங்கத் தேவையில்லை என்று தெரிந்த பிறகே இந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்தாள். அவளை வார்டில் படுக்கவைத்தால்தான் பணம் வருமென்றால், எந்த நோய்க்காக அந்தப் பணம்?

நீங்கள் 2019-ல் வெளியிட்ட பன்னிரண்டு நவீன சிகிச்சைகளின் பட்டியலையும் தேடிப் படித்தேன். மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் அதில் இருக்கிறது. காந்தத் தூண்டல் இல்லை. மண்டையைத் துளைத்தால் காப்பீடு உண்டு, துளைக்காமல் விட்டால் கிடையாது போலும். அதிர்ச்சி நினைவுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்த கண்ணசைவுச் சிகிச்சையை (கண்களை இருபுறமும் அசைத்தபடி அந்த நினைவுகளை அணுகும் EMDR) பற்றி இங்கே பேசவே பயமாக இருக்கிறது. அதற்கு ஊசிகூடக் கிடையாதே! ஆனால் உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் மனநலத்துக்குப் பச்சை ரிப்பன் குத்திக்கொள்ள எந்த நிறுவனமும் மறப்பதில்லை. ஒரு ராத்திரி அறை வாடகை தரத் தயாராக இருப்பவர்கள், 1,500 ரூபாய் அமர்வுக்குத் தர மறுக்கிற கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தங்க வேண்டும் என்ற நிபந்தனையை இந்தச் சிகிச்சைக்கு நீக்கி, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டு அமர்வுகளோடு நிறுத்தியிருக்கிறோம். வளையல்கள் அடகில் இருக்கின்றன. இடைவெளி நீண்டால் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம் என்கிறார் டாக்டர்.

நிராகரிப்புக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். "நோயாளி ஒவ்வொரு முறையும் நடந்தே வந்து, நடந்தே திரும்பியுள்ளார்" என்று ஒரு காரணம் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் நான் மறுக்கவில்லை. ஏழாவது அமர்விலிருந்து என் கையைப் பிடிக்காமல் தனியாகவே நடந்தாள்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரர்